முதலாளி வீட்டுக்கு வந்த முட்டை லாரிகள்

போன வாரம் ஆபீசில் நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்ன, இரண்டு கட்சியுமே தனித்தனியாக எனக்குப் போன் செய்தீர்கள். எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் டூலை வெளியே வாங்கிவிடலாம் என்றது ஒரு கட்சி. நாமே எழுதிக்கொள்ளலாம், அதில் என்ன பெரிய விஷயம் என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி பேசும்போது குரலில் ஒரு துள்ளல் இருந்தது. அதே துள்ளலை நான் இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அது முட்டை லாரியில் போய் முடிந்தது.

ஓய்வு பெற்றவளிடம் யோசனை கேட்டால் கதைதான் வரும். கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்போது நம் கம்பெனி நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நான் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். முதலாளி லாரித் தொழிலிலிருந்து வந்தவர். டிரைவர்களைவிடப் புரோகிராமர்கள் சொன்ன பேச்சைக் கேட்பார்கள் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொல்வார். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்.

ராசிபுரம் பக்கத்தில் பெரிய கோழிப் பண்ணை வைத்திருந்த சம்பூரணம் அம்மாள்தான் எங்கள் முக்கியமான வாடிக்கையாளர். எந்த லாரியில் எத்தனை அட்டை முட்டை ஏறுகிறது, எந்த வியாபாரிக்குப் போகிறது என்பதையெல்லாம் எங்கள் சாப்ட்வேர் பார்த்துக்கொண்டது. வழியில் வியாபாரி மாறினால், 'சேரும் இடம் மாற்றப்பட்டது' என்று டிரைவரின் போனுக்குச் செய்தி போகும். அந்த வசதியைப் புதிதாகச் சேர்த்திருந்தோம்.

இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது பெரும்பாடு. ஒவ்வொரு முறை ஏதாவது மாற்றினாலும் நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து பண்ணையை நடித்துக் காட்டுவோம். ஒருவர் பண்ணைக் கிளார்க், ஒருவர் டிரைவர், ஒருவர் கேரள வியாபாரி. கேரள வியாபாரியாக வருபவர் பாத்திரத்தில் ஒன்றிப்போய் விலை பேச ஆரம்பித்துவிடுவார். கிளார்க் விட்டுக்கொடுக்க மாட்டார். வேலை அப்படியே நின்றுவிடும்.

டெஸ்டிங் டூல் விற்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் டை கட்டி வந்து, படம் காட்டி, காபி குடித்துவிட்டுப் போனார். அவர் மாடிப்படி இறங்கியதும் முதலாளி என்னிடம் கேட்டார்.

"ஏனுங் மேடம், நாம சாப்ட்வேர் விக்கறவீங்க. நாமளே போயி இன்னொருத்தங்கிட்ட சாப்ட்வேர் வாங்குனா, ஓட்டல்காரன் பக்கத்து ஓட்டல்ல போயி இட்லி தின்ன மாதிரி ஆயிராதுங்களா?"

"ஓட்டல்காரரு கிரைண்டர கடையிலதான சார் வாங்குறாரு?" என்றேன்.

அவர் யோசித்தார். யோசிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் என் பக்கம் வந்திருப்பார். அதற்குள் செந்தில் எழுந்துவிட்டார்.

செந்தில் மேச்சேரிக்காரர். எங்களிடம் இருந்தவர்களிலேயே கெட்டிக்காரர். நல்ல வார்த்தையாகத்தான் சொல்கிறேன்.

"ஒரு மாசம் குடுங்க சார். நானே எழுதிப்போடறேன்" என்றார். முன்பு சொன்ன அந்தத் துள்ளல் இதுதான். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. முகம் மலர்ந்தபின் ஒரு கம்பெனியில் கணக்குப் பேச முடியாது.

செந்தில் டூலுக்குச் 'சேவல்' என்று பெயர் வைத்தார். விடியற்காலையில் தானே எழுந்து, பொய் ஆர்டர்களைப் போட்டு, பொய் லாரிகளை அனுப்பி, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்து, பிறகு அந்த ஆர்டர்களைத் தானே ரத்து செய்துவிடும். ஏதாவது தவறு தென்பட்டால் ஆபீஸ் ஸ்பீக்கரில் கூவும். முதல் நாள் அது கூவியபோது நாங்கள் கைதட்டினோம். கீழே டயர் கடைக்காரர் மேலே வந்து, "கோழி வளக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் என்றது வளர்ந்துகொண்டே போனது. சேவலுக்கு நிறம் மாற்றினார். ஊழியர்களின் பிறந்த நாளுக்கு அது வாழ்த்துச் சொன்னது. மழை வருமா என்று சொன்னது, அதுவும் பெரும்பாலும் தப்பாக. பண்ணைச் சாப்ட்வேரில் ஒரு கோளாறு என்று அவரிடம் போனால், "சேவலுக்கு ஒரு சின்ன வேலை இருக்குதுங் மேடம், முடிச்சுட்டு வாரேனுங்க" என்பார். சேவலின் கோளாறுகளைக் குறித்து வைக்க ஒரு இடம் வேண்டும் என்றார். அதற்கும் இன்னொரு டூல் எழுதத் தொடங்கினார். ஒரு கட்டத்தில், முட்டைச் சாப்ட்வேரை எழுதிக்கொண்டிருந்தவர்களைவிடச் சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியின் ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்செங்கோட்டுப் பக்கம் அவருடைய தோட்டத்து வீட்டில். மாப்பிள்ளையின் அப்பா ரிக் வண்டிகள் வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடும் தொழில் செய்பவர். பெரிய மீசை, சின்னப் பேச்சு. சேலத்தில் சர்ச்சில் முதல் பூசையை முடித்துவிட்டு நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸ் மொத்தமும் அங்கே இருந்தது, வாட்ச்மேன் உட்பட.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. நிறைய முட்டை.

"லோடு எங்க எறக்கறதுங்?" என்று டிரைவர் கேட்டார்.

சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தவர், சமையலுக்கு வந்ததாக இருக்கும் என்று பின்பக்கம் கைகாட்டினார். பின்பக்கத்திலிருந்து சமையல் மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னிக்கு சுத்த சைவமுங்க! முட்ட உள்ள வந்துச்சுன்னா நான் அடுப்ப அணைச்சுப்போட்டுப் போயிருவேன்!"

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது லாரி வந்தது. அதன் பின்னால் மூன்றாவது. சாலைத் திருப்பத்தில் இன்னொன்றின் தலை தெரிந்தது.

நான் முதல் டிரைவரிடம் போய் போனை வாங்கிப் பார்த்தேன். 'சேரும் இடம் மாற்றப்பட்டது.' அதன் கீழே எங்கள் முதலாளியின் பெயர், தோட்டத்து வீட்டு விலாசம், 'மாரியம்மன் கோவில் தாண்டி வலதுபுறம்' என்ற அடையாளம் வரை சுத்தமாக இருந்தது.

செந்திலைத் தேடினேன். கையில் வடையோடு நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"சேவலுங்க" என்றார், வடையோடு.

நடந்தது இதுதான். பொய் ஆர்டர் போட ஒரு விலாசம் தேவைப்பட்டபோது, எல்லோருக்கும் தெரிந்த விலாசம் என்று செந்தில் முதலாளி வீட்டைச் சேவலுக்குள் போட்டிருந்தார். பொய் டிரைவர்களை வைத்துச் சோதித்தால் சோதனையே பொய்யாகிவிடும் என்று சம்பூரணம் அம்மாளின் டிரைவர்கள் பெயரையும் எண்ணையும் அப்படியே உள்ளே ஏற்றியிருந்தார். செய்தி வெளியே போகாமல் தடுக்க ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். அதுவரை சரி. அன்று காலை நாமக்கல்லில் கரண்ட் போய் வந்தது. சேவல் மறுபடி எழுந்தபோது அந்தச் சுவிட்ச், தடுப்பதற்குப் பதிலாக அனுப்பும் பக்கம் திரும்பியிருந்தது.

டிரைவர்களைக் குறை சொல்ல முடியாது. 'போனில் என்ன வருகிறதோ அதுதான் சட்டம், மறுகேள்வி கூடாது' என்று சம்பூரணம் அம்மாள் அந்த வாரம்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேரள வியாபாரிகளுக்காக விடியலில் லோடு ஏற்றிக் கிளம்பியவர்கள், செய்தியைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்கு வந்துவிட்டார்கள்.

நான் இதைப் புரிந்துகொண்டு நிமிர்வதற்குள் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தார். "என்னங் சம்பந்தி இது?"

முதலாளிக்கு என்னவென்றே தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் அவர் வாயிலிருந்து, "சீருங்க" என்று வந்தது.

"சீருங்களா?"

"பொண்ணு ஊட்டு சீருங்க. இப்பெல்லாம் புதுப் பழக்கமுங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வெளியே வந்து முட்டை அட்டைகளை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். சரியாக அந்த நேரத்தில் எல்லா டிரைவர்களின் போனும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தது. சோதனை ஒரு சுற்று முடிந்துவிட்டதால், சேவல் தன் வழக்கப்படி ஆர்டர்களை ரத்து செய்துவிட்டது. டிரைவர்கள் போனைப் பார்த்தார்கள். மறுகேள்வி கேட்காமல் ஏறி, வண்டியைப் பின்னால் எடுத்து, ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

"சீரு திரும்பிப் போவுதுங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

முதலாளி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வருமுங்க."

வந்தது. அடுத்த சுற்று தொடங்கியதும், திருச்செங்கோட்டு ரோட்டைக்கூட எட்டாத லாரிகளெல்லாம் மறுபடி அதே வாசலுக்கு வந்து நின்றன. "பாத்தீங்களா, வந்துருச்சுங்க" என்றார் முதலாளி. அவருக்கே ஆச்சரியம்.

செந்தில் இதற்குள் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். நான் போய் நின்றதும் நிமிராமலே சொன்னார். "சுவிட்ச் ஏன் திரும்புச்சுன்னு கண்டுபிடிச்சர்றனுங் மேடம். சுவாரசியமான தப்புங்க இது."

கல்லூரி முடித்த புதிதில் நான் மேட்டூரில் ஒரு ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் பயிற்சிக்கு இருந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்த அதிகாரிக்கு எதற்கெடுத்தாலும் ஒரே வைத்தியம்தான். "மொதல்ல அணை, அப்பறம் ஆராய்ச்சி பண்ணு" என்பார். ஒருமுறை ஏதோ வாடை வருகிறதென்று கேன்டீன் மின்விசிறி வரை அணைத்துவிட்டார். வாடை, அன்றைய கருவாட்டுக் குழம்பு. நாங்கள் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. கொட்டகை ஓரத்தில் நின்றபோது அவர் குரல்தான் என் காதில் கேட்டது.

"செந்தில், எதுக்காகத் திரும்புச்சுன்னு நாளைக்குப் பாக்கலாம். இப்ப நிறுத்துங்க."

அவர் விரல்கள் நின்றன. "நிறுத்தறதுக்கு வழி வெக்கலைங்க மேடம்."

"ஏன்?"

"நிறுத்தற மாதிரி வரும்னு நெனைக்கலைங்க."

சரி, இங்கிருந்தே உள்ளே போய் ஏதாவது செய்யுங்கள் என்றேன். வெளியாட்கள் யாரும் நுழையக்கூடாதென்று சேவலுக்கு அவர் பலமான பூட்டு போட்டிருந்தார். பூட்டு உண்மையிலேயே பலமானது. அவரையும் உள்ளே விடவில்லை.

மிச்சம் ஒரே வழி. யாராவது நாமக்கல்லுக்குப் போய் ஒயரைப் பிடுங்க வேண்டும். ஆபீஸ் சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் பந்தியில். பாயசம் வரும் நேரத்தில் அவரை எழுப்பி ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்.

"எந்த ஒயருங் மேடம்?"

"எல்லா ஒயரையும்."

"நம்ம ஆபீசு மீன் தொட்டி ஒயருமுங்களா?"

"அதை மட்டும் விட்டுருங்க."

"ரெண்டும் ஒரே பிளக்குல போவுதுங்களே?"

நான் ஒரு கணம் கண்ணை மூடினேன். "பிடுங்குங்க. பிடுங்கிட்டு மீன் தொட்டியை மட்டும் வேற பிளக்குல மாட்டுங்க."

சேவல் அடங்கியது. ஆனால் ஒரு சுற்றின் நடுவில் அடங்கியதால் ரத்துச் செய்தி போகவே இல்லை. லாரிகள் எல்லாம் முதலாளி வீட்டு வாசலில். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முட்டைக்கு ஆகாத வெயில். நான் டிரைவர்களிடம் போய், இது தவறாக வந்த செய்தி, நீங்கள் போகவேண்டிய இடத்துக்குப் போங்கள் என்று கெஞ்சினேன்.

"போன்ல வரலீங்களே" என்றார்கள்.

அவர்கள் சம்பூரணம் அம்மாள் ஒருவரின் வாய்ச்சொல்லைத்தான் கேட்பார்கள். நான் போனை எடுத்தேன். முதலாளி பாய்ந்து வந்து என் கையைப் பிடிக்காத குறையாக, "நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லுங் மேடம், நெட்வொர்க் கோளாறு" என்று கிசுகிசுத்தார். எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால், நெட்வொர்க் என்று சொன்னால் அந்த அம்மாள் நெட்வொர்க்கைத் திட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். லாரி நகராது. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அங்கியே இருங்க, வாரேன்" என்று போனை வைத்தார்.

கேரள வியாபாரிகள் ஏற்கெனவே அவரைப் போனில் பிடித்து வறுத்தெடுத்திருக்கிறார்கள். அந்தச் சூடு ஆறாமல் காரை விட்டு இறங்கினார். நூல் சேலை, கையில் கார் சாவி. நேராக முதலாளியிடம் போனார்.

"உங்க ஊட்டு விசேசத்துக்கு என்னையக் கூப்படல. எம்பட முட்டையக் கூப்பிட்டிருக்கறீங்க!"

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக எழுந்தார். "உங்க முட்டையா? இது சீருன்னாரே சம்பந்தி?"

முதலாளி வாயைத் திறந்தார். இந்த முறை ஒன்றும் வரவில்லை. நல்லவேளை. ஒரு நல்ல சம்பந்தம் அந்த வாசலில் உடைந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் பக்கத்தில் நின்ற செந்திலின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

உள்ளேயிருந்து கல்யாணப் பெண் வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நேராக வருங்கால மாமனாரிடம் போனாள்.

"மாமா, சீருமில்ல ஒண்ணுமில்லீங்க. அப்பா கம்பெனியில டெஸ்ட் பண்றதுக்கு ஒரு டூல் கட்டுனாங்க. அது கெட்டுப்போயி இவிங்க லாரியெல்லாத்தையும் இங்க அனுப்பிருச்சுங்க. உங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டுட்டு அப்பா என்னமோ சொல்லிப்போட்டாருங்க. அவ்வளவுதானுங்க."

மீசை அசையவில்லை. எல்லோரும் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதன் ஒரு முனை துடித்தது.

"எங்க ரிக் வண்டி ஒருக்கா விலாசம் மாறிப்போயி, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரு காட்டுல போரப் போட்டுட்டு வந்துருச்சுங்க" என்றார் அவர். அன்று அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். "நல்ல தண்ணிங்க. அந்த மனுசன் ஊருக்குப் போயிருந்தாரு. திரும்பி வந்து பாத்துப்போட்டு, சாமி குடுத்துச்சுன்னு பொங்க வெச்சுட்டாரு. நான் போயி என்னன்னு கேக்கறது?"

முதலில் சிரித்தது சம்பூரணம் அம்மாள்தான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. முதலாளி மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

அந்த அம்மாள் டிரைவர்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு சத்தம் போட்டார். லாரிகள் பறந்தன. ஒரு லாரியை மட்டும் நிறுத்தினார். "இது அந்தப் புள்ளைக்கு. பெரியவீங்க முன்னால நெசத்தச் சொல்லுச்சு. உங்குளுக்கில்லீங்க" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். அன்று விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தாம்பூலப் பையோடு ஒரு அட்டை முட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு சேலம் வரை வந்த பாடு தனிக் கதை.

புறப்படும் முன் அந்த அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நாளைக்கு ஆபீசுக்கு வாரேன் மேடம். இது மறுக்கா நடக்காதுன்னு எனக்குக் காட்டோணும். இல்லாட்டி உங்க சாப்ட்வேரக் கழட்டிக்கங்க. எனக்கு யாவாரந்தான் முக்கியம்."

அவர் போய்விட்டால் கம்பெனியில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. முதலாளிக்கும் எனக்கும் அது தெரியும்.

மறுநாள், முன்பு திருப்பி அனுப்பிய அந்த டை கட்டியவரையே மறுபடி வரவழைத்தேன். சம்பூரணம் அம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் கை கட்டிக்கொண்டு செந்தில். டை கட்டியவர் தன் டூலை ஓட்டிக் காட்டினார். அது தானாகவே மாதிரி ஆர்டர்களை உண்டாக்கியது. யாரோ ஒரு வெள்ளைக்காரர், பனி கொட்டும் ஏதோ ஊரிலிருந்து, மூன்றேமுக்கால் முட்டை கேட்டிருந்தார்.

"முக்கா முட்டைய எப்படிங்க அனுப்பறது? வேக வெச்சா?" என்றார் அம்மாள்.

பின்னாலிருந்து செந்தில் கனைத்தார். வெற்றிக் கனைப்பு. நான் கண்டுகொள்ளாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இது தப்பா ஓடிச்சுன்னா எப்படி நிறுத்துறது?"

திரையில் சிவப்பாக ஒரு பொத்தானைக் காட்டினார். முதலாளி எழுந்து போய் அதை அழுத்தினார். நின்றது. மறுபடி ஓட்டச் சொல்லி மறுபடி அழுத்தினார். நின்றது. நாங்கள் பிடித்து உட்கார வைக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். வெளியே எந்தச் செய்தியும் போகாதபடி தனிக் கூண்டுக்குள் ஓட்டும் வசதியும் அதில் இருந்தது. அது நாம் ஆசைப்பட்டு வைக்கும் சுவிட்ச் கிடையாது. திறக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் செந்தில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஆசையாகச் செய்த பொருளை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்வது கஷ்டமான வேலை. உங்களுக்கும் ஒருநாள் அது வரும். அதைக் கடிதத்தில் செய்யாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். நான் உட்கார்ந்தேன்.

"முக்கா முட்ட விக்கற டூலுங்க அது" என்றார்.

"ஆமா. அதை வாங்கத்தான் போறோம்."

அவர் மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கேட்டேன். "செந்தில், சேவல்ல நீங்க எழுதுனதுல, உலகத்துல வேற யாருக்குமே தேவைப்படாத பகுதி எது?"

அவமானப்படுத்துகிறேன் என்று நினைத்து முறைத்தார். பிறகு கேள்வி புரிந்தது. வெகுநேரம் யோசித்தார்.

"ஒடஞ்ச முட்டைங்க" என்றார் கடைசியில்.

சரியான பதில். ஆட்டோமேட்டிக்காக ஓட்டுவது, நிறுத்துவது, பூட்டுவது, அறிக்கை கொடுப்பது எல்லாம் உலகத்தில் எல்லா மென்பொருள்காரர்களுக்கும் வேண்டியது. அதற்கென்றே ஆயிரம் பேர் உட்கார்ந்து உழைக்கிறார்கள். நம் ஒற்றைச் செந்தில் அவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. ஆனால் பள்ளத்தில் லாரி குலுங்கினால் எத்தனை உடையும், உடைந்ததை எந்த வியாபாரி யார் தலையில் கட்டுவார், சின்ன முட்டைக்கு எப்படித் தகராறு வரும் என்பதெல்லாம் செந்திலுக்குத்தான் தெரியும். அதை மட்டும் தனியாகப் பிரித்து, வாங்கிய டூலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். உள்ளே சேர்த்துத் தைக்காதீர்கள், ஒட்டி வையுங்கள் என்றேன். பெயர்களும் எண்களும் முழுக்கப் பொய்யாக இருக்கவேண்டும் என்பதையும் சொன்னேன்.

சம்பூரணம் அம்மாள் சில வாரம் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு சாப்ட்வேரை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். போகிறபோக்கில் செந்திலிடம், "ஏஞ் சாமி, எம்பட பண்ணையில இத்தன கோழி இருக்குது, ஒரு சேவல் கெடையாது, தெரியுமா? சேவலில்லாமத்தான் தெனமும் முட்ட வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். செந்திலின் காது சிவந்தது. ஆனால் சிரித்தார்.

இதோடு முடித்தால் வாங்கும் கட்சி ஜெயித்தது என்று நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். உட்காருங்கள்.

வாங்கிய டூலிலும் தொல்லை இருந்தது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் செந்தில் அந்தக் கம்பெனிக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று பதில் வந்தது. கோளாறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சில வருடம் கழித்து அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு அந்த டூலை நிறுத்திவிட்டோம், வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

அன்று காலை ஆபீசில் எல்லோர் கண்ணும் செந்தில் மேல்தான். 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. முதலாளி வேறு உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செந்திலு, பேசாம நாமளே ஒண்ணு கட்டிப்போட்டா என்ன?"

செந்தில் மின்னஞ்சலை இன்னொரு முறை படித்தார். "வேண்டாங்க சார். வேற ஒண்ணு வாங்கிக்கலாங்க. முட்டைப் பகுதி தனியாத்தான் இருக்குது. கழட்டிப் புதுசுல மாட்டறதுக்குக் கொஞ்ச நாள் போதுமுங்க."

முதலாளிக்கு ஏமாற்றமாகிவிட்டது. "ஏப்பா, கட்டற ஆசையே உட்டுப்போச்சா உனக்கு?"

"எங்கீங்க உட்டுப்போச்சு, அப்படியேதான் இருக்குது" என்றார் செந்தில். "அதனாலதானுங்க வேண்டாங்கறேன்."

நான் நிம்மதியாக என் இடத்துக்குப் போய், ஓய்வு பெற எந்த மாதம் தோது என்று காலண்டரைப் புரட்டினேன்.